நடுவில் வந்த சிவப்புச் சுவர்

நான் படம் கீறுகிறவள். ஓவியம் இல்லை, கட்டடப் படம். ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் என் கணினி இருக்கிறது, மறுபாதியில் நாங்கள் சாப்பிடுகிறோம். யாழ்ப்பாணம் பட்டினத்தில் இருக்கும் ஒரு கட்டடக் கலைஞருக்காக வேலை செய்கிறேன். அவரை “சேர்” என்றுதான் கூப்பிடுவேன். மாதத்தில் இரண்டு மூன்று தடவை பஸ் ஏறி அவருடைய கந்தோருக்குப் போவேன். மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே கீறி அனுப்புவேன்.

சேருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம், நெருப்பு. எந்தக் கட்டடத்தைக் கொடுத்தாலும் அது அழகாக இருக்குமா என்று பார்க்க முன்னர், அதில் எங்கே நெருப்புப் பிடிக்கும், எந்தப் பக்கமாக ஓடும், எந்தச் சுவர் அதை மறிக்கும் என்று பார்ப்பார். நாங்கள் கீறுகிற மென்பொருளில் சுவர் என்பது வெறும் கோடு இல்லை. ஒவ்வொரு சுவருக்குள்ளும் அதன் தடிப்பு, எந்தக் கல்லில் கட்டுவது, எத்தனை மணித்தியாலம் நெருப்பைத் தாங்கும் என்றெல்லாம் எழுதி வைக்கலாம். எழுதிவிட்டு ஒரு விதியும் போடலாம்: இரண்டு மணித்தியாலம் தாங்கும் சுவரெல்லாம் படத்தில் தடித்த சிவப்பாகத் தெரிய வேண்டும், ஒரு மணித்தியாலச் சுவர் செம்மஞ்சளாகத் தெரிய வேண்டும், மற்றவை சாம்பலாகவே இருக்கட்டும் என்று. அதற்குப் பிறகு கணினி தானாகவே நிறம் தீட்டிக்கொள்ளும்.

காசு போட்டுக் கட்டடம் கட்டுவிக்கிறவர்களுக்கு இந்தச் சிவப்புச் சுவர்களைக் கண்ணில் காட்டக் கூடாது. தடிப்பு அதிகம், அதிலே வருகிற கதவு பாரம், கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், இதை எடுத்துவிட்டால் அறை பெரிதாகும்தானே என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலம் தொட்டு, தீச்சுவர் வேண்டும் என்று தாங்களாகக் கேட்டவர்கள் இரண்டே இரண்டு பேர். அவர்கள் அக்காவும் தம்பியும்.

அக்கா நயினாதீவில் இருக்கிறார். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற ரீச்சர். தம்பி தபால் கந்தோரில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர், என் வீட்டிலிருந்து நாலு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். நயினாதீவில் இறங்குதுறைக்குக் கிட்ட இருவருக்கும் சேர்த்து ஒரு காணி. கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கிப் போக அதில் ஒரு மாடிக் கட்டடம் கட்டி, இருவரும் சேர்ந்து நடத்துவது என்று முடிவு செய்திருந்தார்கள்.

சேர்ந்து நடத்துவதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. இருவரும் கதைப்பதில்லை. ரீச்சரின் மகளுடைய கலியாணத்துக்கு அழைப்பிதழை நேரில் கொண்டுவந்து கொடுக்காமல் வைபரில் படமெடுத்து அனுப்பிவிட்டார் என்று தம்பிக்குக் கோபம். கலியாணத்துக்கு வராமல் விட்டார் என்று ரீச்சருக்குக் கோபம். அந்தக் கலியாணத்தில் பிறந்த பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. கட்டடம் கட்டும் முடிவைக்கூட ஒரு மச்சானை நடுவில் வைத்துத்தான் எடுத்தார்கள். மச்சான் களைத்துப்போனதும் அந்த வேலை என் தலையில் விழுந்தது. “அவவிட்டச் சொல்லும்” என்று அண்ணை சொல்வார், நான் ரீச்சருக்குச் சொல்வேன். “அவனிட்டச் சொல்லும்” என்று ரீச்சர் சொல்வார், நான் அண்ணைக்குச் சொல்வேன். சில வேளை ஒரு சொல்லை நான் இனிப்பாக்கிச் சொல்வதும் உண்டு. சில வேளை உறைப்பாக்கியும் சொல்லியிருக்கிறேன். அது அன்றைக்கு எனக்கு இருந்த வேலையைப் பொறுத்தது.

படம் இப்படி இருந்தது. கிழக்குப் பாதியில் கீழே குசினி, சாப்பாட்டு அறை, ஜெனரேற்றர் அறை, மேலே நாலு அறைகள். மேற்குப் பாதியில் கீழே வரவேற்பு அறை, மாடிப்படி, மேலே இன்னும் நாலு அறைகள். இரண்டுக்கும் நடுவில், முன்னிருந்து பின்வரை, ஒரு சுவர். மேலே நடைபாதை அந்தச் சுவரை வெட்டிப் போகிற இடத்தில் ஒரு கதவு. நெருப்புப் பிடித்தால் குசினிப் பக்கத்தில்தான் பிடிக்கும், அது மற்றப் பக்கம் போகக் கூடாது என்பது சேரின் எண்ணம்.

முதல் பிரதியை இருவருக்கும் அனுப்பினேன். குசினியைச் சுற்றியும் மாடிப்படியைச் சுற்றியும் செம்மஞ்சள் தெரிந்தது. ஏதோ ஓடு பதிக்கிற இடம் என்று நினைத்திருப்பார்கள், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இருவருக்கும் படம் பிடித்துவிட்டது. தங்களுக்குள் ஒரே கருத்து வந்ததை அறிந்தால் மாற்றிக்கொள்வார்கள் என்று பயந்து, ஒருவருக்குப் பிடித்ததை மற்றவருக்கு நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் சேர் தொலைபேசி எடுத்தார். நடுச் சுவர் ஏன் சாம்பலாக இருக்கிறது, அதை இரண்டு மணித்தியாலச் சுவராகப் போடச் சொன்னேன் அல்லவா என்றார். போட்டேன் என்றேன். போட்டால் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்றார். படத்தைத் திறந்து பார்த்தேன். சுவருக்குள் சரியாகத்தான் எழுதியிருந்தேன். விதியும் சரியாக இருந்தது. அரை மணித்தியாலம் தலையைச் சொறிந்த பிறகுதான் விளங்கியது: 2 என்ற எண்ணுக்கும் மணித்தியாலத்தைக் குறிக்கும் எழுத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி விடுவதற்குப் பதிலாக இரண்டு விட்டிருக்கிறேன். எங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு அது வேறு சுவர். ஒரு இடைவெளியை அழித்தேன். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை தடித்த சிவப்புக் கோடு ஒன்று கட்டடத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போயிற்று. திருத்திய பிரதியை இருவருக்கும் அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலை அண்ணை சைக்கிளில் வந்தார். வந்தவர் கதிரையில் இருக்கவில்லை. கையில் படம். தானே காசு கொடுத்துக் கடையில் நிறத்தில் அச்செடுத்திருந்தார்.

“நேற்று முந்தநாள் வந்த படத்தில இந்தச் சிவப்பு இல்லை.”

“ஓம் அண்ணை. அதைத் திருத்தித்தான் அனுப்பினனான்.”

“ஆர் திருத்தச் சொன்னது?”

“சேர் சொன்னவர்.”

“சேருக்கு ஆர் சொன்னது?”

அப்போதுதான் அவர் மனதில் ஓடுவது எனக்கு விளங்கியது. அக்கா இரகசியமாகப் பட்டினத்துக்குப் பேசிக் கட்டடத்தைப் பாகம் பிரித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்த இடத்தில் ஒரு வரியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் அவர் சொன்னார்:

“நல்லாத்தான் பிரிச்சிருக்கிறா. குசினி அவவுக்கு, படி எனக்கு. வாற சனத்துக்கு நான் என்னத்தைச் சாப்பிடக் குடுக்கிறது, படியையோ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை மறைக்கத் தேத்தண்ணி வைக்க உள்ளே போனேன். குசினிக்குள் நிற்கும்போதே அவர் முன்னறையிலிருந்து தொடர்ந்து சொன்னது கேட்டது: பரவாயில்லை, அவ பிரிச்சால் பிரிக்கட்டும், ஆனால் இனி அந்தச் சுவரை ஒருவரும் எடுக்கக் கூடாது, அதற்குத் தான் விட மாட்டேன் என்று. நான் கேத்திலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். தீச்சுவரை எடுக்க விட மாட்டேன் என்று ஒரு மனிதர் சொல்கிறார். வாழ்க்கையில் இப்படியொரு வசனத்தை நான் கேட்டதில்லை. தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உண்மையைக் கொடுக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. பிறகு தேவைப்படும் என்று அதை அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

மத்தியானம் ரீச்சரின் அழைப்பு வந்தது.

“பிள்ளை, நான் அடிமட்டம் வைச்சு அளந்து பாத்தனான். என்ர பக்கம் ஒன்பது அங்குலம் குறையுது. சுவரின்ர முழுத் தடிப்பும் என்ர பக்கத்திலதான் நிக்குது.”

சரிதான். நான் அதைக் கவனிக்கவே இல்லை. குசினி இருக்கிற கிழக்குப் பாதிதான் தன் பக்கம் என்று அவரும் எடுத்துக்கொண்டிருந்தார். ரீச்சர் மேலும் சொன்னார். தம்பிக்குப் பிரித்து வேண்டுமென்றால் நேரே கேட்டிருக்கலாம், இப்படிச் சிவப்புக் கோடு போட்டு அனுப்பத் தேவையில்லை. தனக்கு மேலே ஏறப் படிகூட இல்லாமல் செய்துவிட்டான். இருந்தாலும் சுவர் நிற்கட்டும். ஆனால் நீதியாக நடுவில் நிற்க வேண்டும். நான் ஓம் ரீச்சர் என்று சொல்லி, சுவரை நாலரை அங்குலம் மேற்கே தள்ளினேன். நெருப்பை மறிப்பதில் அதனால் ஒரு குறையும் இல்லை.

அண்ணை அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் எடுத்தது. சுவர் தன் பக்கம் வந்ததற்கு ஈடாக, அது உட்கூரையோடு நிற்காமல் மேல்கூரை வரைக்கும் போக வேண்டும் என்று கேட்டார். இல்லாவிட்டால் அவவின் சத்தம் மேலால் வரும் என்றார். தீச்சுவர் மேல்கூரையைத் தொட வேண்டும் என்று சேர் ஒவ்வொரு கட்டடத்திலும் சண்டை பிடித்துத் தோற்கிற விசயம் அது. ரீச்சர் தன் பங்குக்கு, சுவரில் ஓட்டை போட்டு வயர் கொண்டுபோகக் கூடாது, அவன் ஒட்டுக் கேட்பான் என்றார். அதுவும் சேரின் நெடுநாள் ஆசை. இரண்டையும் சேருக்கு எழுதினேன். உடனே தொலைபேசி வந்தது.

“எங்க பிடிச்சனீர் உந்தச் சனத்தை? நீர் நல்லா விளங்கப்படுத்தியிருக்கிறீர்.”

நான் அடக்கமாக, ஏதோ என்னால் முடிந்தது சேர் என்றேன். அந்த மாதம் முழுக்க எனக்கு நல்ல பெயர். வீட்டில் என் கணவருக்குச் சொன்னபோது, நீ ஒரு நாளைக்கு நல்லாய்ப் பேச்சு வாங்கப் போகிறாய் என்று சொல்லிவிட்டு அவரும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு திறாங்கு வந்தது, கதவுக்குப் போடுகிற தாழ்ப்பாள். மேலே நடைபாதைக் கதவுக்குத் தன் பக்கத்தில் ஒரு திறாங்கு போட வேண்டும், தான் விரும்பினால் பூட்டிவிடலாம் என்று அண்ணை கேட்டார். பிறகு பார்ப்போம் என்றேன். இரண்டு நாளில் ரீச்சரும் தன் பக்கத்துக்கு ஒன்று கேட்டார். அவர் படத்திலேயே பேனையால் குறித்து, பித்தளையில் வேண்டும் என்று எழுதியும் அனுப்பியிருந்தார்.

அன்றைக்குக் கட்டடத்தைக் கணினியில் திறந்து, கண் மட்டத்துக்கு இறக்கி, கிழக்குக் கடைசி அறையிலிருந்து நடந்து பார்த்தேன். மென்பொருளில் அப்படி நடக்கலாம். அறையை விட்டு வெளியே வந்து நடைபாதையால் போனால் கதவு. கதவுக்கு அங்காலேதான் படி. வேறு வழி இல்லை. கீழே குசினியில் நெருப்பு என்று வைத்துக்கொண்டேன். கோயில் நேர்த்திக்கடனுக்கு வந்த ஒரு குடும்பம் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறது. கதவின் மற்றப் பக்கத்தில், ஒரு கலியாண அழைப்பிதழின் கோபத்தில் யாரோ போட்ட திறாங்கு. அவர்கள் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். அது அவர்கள் பாடு. ஆனால் அந்தக் கதவைப் பூட்டும் எண்ணம் அவர்களுக்கு வந்தது நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததால்தான். திறாங்கைக் கீறவில்லை. சனிக்கிழமை காணியில் எல்லோரும் கூடுகிற நாள். அங்கே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை வங்களாவடியில் பஸ் மாறிக் குறிகட்டுவான் துறைக்குப் போய்ப் படகு ஏறினேன். அண்ணை முதல் படகிலேயே போய்விட்டிருந்தார். வழி நெடுக என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். “ஒரு சின்ன விளக்கக் குறைவு நடந்திட்டுது” என்று தொடங்குவது நல்லது போலத் தெரிந்தது. காற்று அடித்து உப்புத் தண்ணி முகத்தில் தெறித்தபோது, சொல்லாமலே திரும்பிப் போகலாமோ என்றும் ஓர் எண்ணம் வந்து போயிற்று.

காணியில் அண்ணை மேற்குப் பக்கம் பூவரசின் கீழ் நின்றார். ரீச்சர் கிழக்குப் பக்கம் குடை பிடித்தபடி நின்றார். நடுவில், சுவர் வரப்போகிற இடத்தில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றடியில் சுவர் கட்டப்போகிற மேசன் நின்றார். அவர் அனலைதீவுக்காரர், ஐம்பது வயதிருக்கும், கையில் படத்தை விரித்து வைத்திருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கப் போனேன். அவர் முந்திவிட்டார்.

“பிள்ளை, உந்தச் சிவப்புச் சுவரை இரண்டு மணித்தியாலத்தில முடிக்க ஏலாது.”

எனக்கு விளங்கவில்லை.

“மூலையில எழுதிக் கிடக்குது. மகளிட்டக் குடுத்து வாசிப்பிச்சனான். சிவப்பெண்டால் இரண்டு மணித்தியாலமாம். மேல்கூரை வரைக்கும் போற சுவர். எத்தினை பேரை வைச்சாலும் நாலைஞ்சு நாள் வேணும். செம்மஞ்சளையும் ஒரு மணித்தியாலத்தில கட்ட ஏலாது.”

படத்தின் மூலையில் சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்த நிற விளக்கத்தை இத்தனை நாளில் கவனித்த ஒரே மனிதர் அவர்தான். என் ஒத்திகை எல்லாம் மறந்துபோயிற்று. கட்டுகிற நேரம் இல்லை அது, நெருப்பில் நிற்கிற நேரம் என்றேன். குசினியிலோ ஜெனரேற்றர் அறையிலோ நெருப்புப் பிடித்தால், அது மற்றப் பாதிக்குப் போகாமல் இரண்டு மணித்தியாலம் மறிக்கிற சுவர். கதவும் அதற்குத்தான் தானாகச் சாத்துகிறது. அதற்குத்தான் அதைப் பூட்டவும் கூடாது.

மேசன் நிம்மதியாக மூச்சு விட்டார். மற்ற இருவரும் விடவில்லை. அண்ணை பூவரசின் கீழிருந்து கயிற்றடிக்கு வந்தார்.

“அப்ப இது பிரிக்கிற சுவர் இல்லையோ?”

“இல்லை அண்ணை.”

“அக்கா கேட்டதில்லையோ?”

“இல்லை.”

ரீச்சர் குடையை மடக்கினார். என்னைப் பார்க்காமல் நேரே அவரைப் பார்த்துக் கேட்டார்: “தம்பி, நீ கேக்கேல்லையோ?”

அண்ணை பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார், பதிலை என்னிடம் தந்து அனுப்ப. நான் அவசரமாக மேசனின் படத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

“நான் ஏன் கேக்கிறன்?” என்றார் அண்ணை, கடைசியில், நேரே ரீச்சரிடமே. “எனக்குக் குசினியே இல்லை.”

“எனக்குப் படி இல்லை” என்றார் ரீச்சர்.

பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

அடுத்த அரை மணித்தியாலத்தை நான் விவரிக்க விரும்பவில்லை. ரீச்சர் கேள்வி கேட்டார், அண்ணை திகதி சொன்னார். முதல் நாளே எனக்குத் தெரியும் அல்லவா என்று ரீச்சர், அன்றைக்குத் தேத்தண்ணி தந்துகொண்டு சிரித்தவள் என்று அண்ணை. ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் தொடர்ந்தார். அத்தனை வருசம் கதைக்காமல் இருந்தவர்கள் போலவே தெரியவில்லை. நான் பொய் சொல்லவில்லை என்று குறித்து வைத்ததை எடுத்துப் பார்த்தேன். ரீச்சர் அதற்கு ஒரு புள்ளியும் போடவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கடைசியாகக் கேட்டபோது உண்மையைச் சொன்னேன்: “தீச்சுவர் வேணுமெண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை ரீச்சர். நீங்கள் ரெண்டு பேரும் கேட்டனீங்கள். விட மனம் வரேல்லை.”

மேசன் சிரித்துவிட்டார். ரீச்சரின் வாயும் கொஞ்சம் கோணியது. அந்த இடைவெளியில் அண்ணை பழையதை எடுத்தார். வைபரில் அனுப்பிய அழைப்பிதழைத் தபாலிலாவது போட்டிருக்கலாம் என்றார். ரீச்சர் யோசிக்கவே இல்லை.

“உன்ர கந்தோருக்குப் போட்டால், நீயே அதை நிறுத்துப் பாத்து முத்திரை போதாதெண்டு திருப்பி அனுப்பியிருப்பாய்.”

அப்படித்தான் செய்திருப்பார் என்று அண்ணைக்கே தெரிந்திருந்தது.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் நினைத்தபோது, அண்ணை படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார், நெருப்புக்கு மட்டும்தான் என்றால் இந்தச் சுவரை எடுத்தால் என்ன பிள்ளை என்று. ஓம், அறை பெரிதாகும்தானே என்றார் ரீச்சர். அத்தனை வருசத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து எடுத்த முதல் முடிவு, என் சுவரை இடிப்பது.

இந்த முறை நான் ஒளிக்கவில்லை. அவர்களைக் கயிற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து தீயணைப்பு வண்டி குறிகட்டுவான் வரைக்கும் வரும், அதற்குப் பிறகு கடல் என்றேன். ரீச்சர் மனதுக்குள் கணக்குப் போட்டார். பட்டினத்திலிருந்து துறைக்கு எவ்வளவு நேரம், பம்பை ஏற்ற ஒரு படகு பிடிக்க எவ்வளவு நேரம், கடலில் எவ்வளவு நேரம். கூட்டினபோது ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் வந்தது. பிறகு கடைசி அறை வரப்போகிற மூலை எது என்று என்னிடம் கேட்டு அங்கே போய் நின்றார். அங்கிருந்து கயிறு வரை அடியடியாக நடந்தார். அண்ணை பக்கத்தில் நடந்து சத்தமாக எண்ணினார். நடுவில் அவர் எண்ணைத் தவற விட, ரீச்சர் திரும்பவும் மூலைக்குப் போய் முதலிலிருந்து நடந்தார்.

“சுவர் நிக்கட்டும்” என்றார் ரீச்சர் கயிற்றடியில் நின்று. “திறாங்கு வேண்டாம்.”

“ரெண்டு பக்கமும் வேண்டாம்” என்றார் அண்ணை.

அன்று பின்னேரமே அண்ணை சேருக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சேர் என்னைக் கூப்பிட்டு, விளங்கப்படுத்தினது நீர் இல்லை எண்டு இப்பதான் விளங்குது என்றார். அதற்குப் பிறகு எங்கள் எல்லாப் படங்களிலும் நிற விளக்கம் தமிழிலும் வருகிறது, பெரிய எழுத்தில்.

கட்டடம் எழும்பிச் சனம் தங்கத் தொடங்கிவிட்டது. போன மாதம் ஒரு அலுவலாகப் போனபோது மேலே ஏறிப் பார்த்தேன். கதவு தானாகச் சாத்துவது அண்ணைக்குப் பிடிக்கவில்லை. சனத்துக்குக் கரைச்சல் என்று ஒரு சீமெந்துக் கல்லை முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரீச்சர் வந்து கல்லைக் காலால் தள்ளிவிட்டார். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. இதை அண்ணைக்கு நான் ஒருக்கால் எடுத்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“நீர் ஒண்டும் சொல்ல வேண்டாம்” என்றார் ரீச்சர். “நான் ஒரு நாளைக்கு மூண்டு தரம் சொல்லுறனான்.”